'சார்ஜ்' என்ற ஒரு சொல்லுக்கு இத்தனை பொருளா? பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருவது?

கொருக்குப்பேட்டை டியூஷன் எழுதியது:

வணக்கம். கொருக்குப்பேட்டையில் மாலை நேரத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கும், பேங்க், எஸ்எஸ்சி தேர்வு எழுதுகிறவர்களுக்கும் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். இந்த வாரம் ஒரே பொருள் தரும் சொற்களை நடத்தினேன். பிள்ளைகள் வைத்திருக்கும் கைடில் 'சார்ஜ்' என்ற சொல்லுக்கு நேராக ஃபீ, காஸ்ட், அக்யூஸ், அட்டாக், ஃபில், டியூட்டி என்று ஒரே வரியில் கொடுத்திருக்கிறார்கள். எல்லோரும் மனப்பாடம் செய்துவிட்டார்கள். வாக்கியத்தில் போடச் சொன்னதும் சிக்கல் வந்தது. ஒரு பையன் செல்போனை 'அட்டாக்' செய்ததாக எழுதியிருக்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கைடின்படி பார்த்தால் அவன் எழுதியது சரிதான். சார்ஜுக்குப் பதில் அட்டாக் போடலாம் என்றுதானே அதில் இருக்கிறது?

என் கேள்வி இரண்டு. பணம், குற்றம், சண்டை, கரண்ட், பொறுப்பு என்று ஒட்டே இல்லாத ஐந்தாறு பொருள் ஒரு சொல்லுக்குள் எப்படி வந்து உட்கார்ந்தன? அப்புறம், இதை வடசென்னைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்லித் தர ஏதாவது வழி இருக்கிறதா? தமிழ் வழியில் படித்த பிள்ளைகள். புத்திசாலிகள். ஆனால் ஆங்கிலம் என்றாலே மனப்பாடம் என்று யாரோ பழக்கி வைத்திருக்கிறார்கள்.

எண்ணூர் அலை எழுதியது:

அக்கா, நானும் பேங்க் தேர்வுக்குப் படிக்கிறேன். தேர்வில் வாக்கியம் கொடுத்துதான் கேட்பார்கள். அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வாக்கியம் மனப்பாடம் செய்தால் போதும். சொல் எங்கிருந்து வந்தது என்று ஆராய எங்களுக்கு நேரம் கிடையாது. இன்னும் எத்தனையோ சொற்கள் பாக்கி இருக்கின்றன.

ராயபுரம் சொல்வேர் எழுதியது:

தம்பி சொல்வது புரிகிறது. ஆனால் இந்த ஒரு சொல்லுக்கு வேரைத் தெரிந்துகொண்டால் மனப்பாடம் பாதியாகக் குறையும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

லத்தீனில் 'கார்ரஸ்' என்றால் வண்டி. ரோமானியர்கள் அந்தச் சொல்லை, இன்றைய பிரான்ஸ் பகுதியில் வாழ்ந்த 'கால்' (Gaul) என்ற இனத்தாரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அதிலிருந்து பிற்கால லத்தீனில் 'கர்ரிகாரே' என்று ஒரு வினை உருவானது. வண்டியில் பாரம் ஏற்றுவது என்று பொருள். பழைய பிரெஞ்சில் அது 'சார்ஜியே' ஆனது. நார்மன்கள் 1066-ல் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் கூட்டமாக ஆங்கிலத்துக்குள் வந்தன அல்லவா, அந்தக் கூட்டத்தில் இதுவும் ஒன்று. 13-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் இதற்கு இருந்த முதல் பொருள் 'சுமை', 'சுமை ஏற்று'. அவ்வளவுதான்.

இப்போது ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒருவர் தலையில் செலவை ஏற்றினால் கட்டணம். குற்றத்தை ஏற்றினால் குற்றச்சாட்டு. கடமையை ஏற்றினால் பொறுப்பு. துப்பாக்கியில் மருந்தை ஏற்றினால் அதுவும் சார்ஜ்தான். ஒரு தடவை சுடத் தேவையான வெடிமருந்தின் அளவுக்கு அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் மின்சாரத்தை ஆராய்ந்தவர்கள் லேடன் ஜாடி என்ற கண்ணாடி ஜாடிக்குள் மின்சாரத்தைச் சேர்த்து வைத்தபோது, மருந்து கெட்டிப்பதற்குச் சொன்ன அதே சொல்லை எடுத்துக்கொண்டார்கள். பெஞ்சமின் பிராங்க்ளின் அதில் முக்கியமானவர். பல ஜாடிகளை ஒன்றாக இணைத்து வைத்ததற்கு 1749-ல் அவர் 'பேட்டரி' என்று பெயர் வைத்தார். பேட்டரி என்றால் வரிசையாக நிறுத்திய பீரங்கிகள். இன்று நம் செல்போனில் இருக்கும் சார்ஜ், பேட்டரி இரண்டுமே பீரங்கிப் படையிலிருந்து வந்த சொற்கள்.

தாக்குதல் என்ற பொருள் 16-ஆம் நூற்றாண்டில் வந்தது. ஆயுதத்தை நிரப்பித் தயாராக நீட்டிப் பிடிப்பது என்பதிலிருந்து, அப்படிப் பிடித்துக்கொண்டு பாய்வது என்று நீண்டதாக அகராதிகள் விளக்குகின்றன. மற்ற பொருள்களைவிட இதுதான் சுமையிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது.

ஆகவே, எது எதன் மேல் ஏறுகிறது? இந்த ஒரு கேள்வியைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டால் போதும். பதில் மாற மாற, ஒத்த சொல்லும் மாறும். ஃபீ, அக்யூஸ், ஃபில் மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்த சொற்களே கிடையாது. ஒவ்வொன்றும் சார்ஜின் ஒரு பொருளுக்கு மட்டும் சொந்தம். கைடு செய்யும் அநியாயம் இதுதான். சொல்லுக்கு ஒத்த சொல் என்று எதுவும் இல்லை, பொருளுக்குத்தான் உண்டு. அதை மறைத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே வரியில் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

மணலி ட்ரெய்லர் எழுதியது:

சொல்வேர் அண்ணா, இதைப் படித்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. நான் மணலி பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் டாக்குமெண்ட் பார்க்கிறேன். எங்களிடம் வரும் ஒவ்வொரு பில் ஆஃப் லேடிங்கிலும் (கப்பலில் ஏற்றிய சரக்குக்கான ரசீது) 'போர்ட் ஆஃப் லோடிங்', 'போர்ட் ஆஃப் டிஸ்சார்ஜ்' என்று இரண்டு கட்டம் இருக்கும். சரக்கு ஏற்றிய துறைமுகம், இறக்கும் துறைமுகம். கப்பலில் இருந்து கண்டெய்னர் இறங்கிக்கொண்டிருந்தால் 'வெசல் டிஸ்சார்ஜ் ஆகுது' என்போம். ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வெளியே வருவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்ததுண்டு. சுமை இறக்குவது என்றால் எல்லாம் பொருந்துகிறது.

அப்படியானால் 'கார்கோ' என்ற சொல்லும் இதே குடும்பமா?

ராயபுரம் சொல்வேர் எழுதியது:

ஆமாம் தம்பி, உடன்பிறப்புதான். ஸ்பானிஷ் மொழியில் 'கார்கார்' என்றால் ஏற்றுவது. அதிலிருந்து கார்கோ, 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. கார், கேரி, கேரியர் எல்லாம் அந்த 'கார்ரஸ்' வண்டியின் வம்சம். வேலைவாய்ப்பைச் சொல்லும் 'கெரியர்' கூட முதலில் வண்டி ஓடும் பாதையைத்தான் குறித்தது. கேலிச்சித்திரத்தைச் சொல்லும் 'கேரிகேச்சர்' இத்தாலிய மொழி வழியாக வந்தது. மூக்கையும் காதையும் அளவுக்கு மேல் ஏற்றி வரைவது.

சார்ஜின் மிகப் பழைய பொருள் நூற்றாண்டுகள் கடந்தும் தேயாமல் புழங்கும் இடம் துறைமுகம். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை வரிசையாக நிற்கிற ட்ரெய்லர் லாரிகளைத் தினமும் பார்க்கிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேறு எந்த ஊரில் கிடைக்கும்?

கொருக்குப்பேட்டை டியூஷன் எழுதியது:

என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் ஹார்பரிலோ லாரியிலோதான் வேலை செய்கிறார்கள். ஏற்றுவதும் இறக்குவதும் அவர்கள் வீட்டுப் பேச்சு. மிக்க நன்றி. இன்னும் எழுதுங்கள்.

பெரம்பூர் ஓய்வூதியர் எழுதியது:

அம்மா, நான் பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடைசியில் என் பதவியின் பெயரே 'சார்ஜ்மேன்'. இப்போதைய பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரியாது. ஜூனியர் இன்ஜினியர் என்று மாற்றிவிட்டார்கள். அந்தக் காலத்தில் அயனாவரத்திலும் ஜமாலியாவிலும் சார்ஜ்மேன் வீடு என்று கேட்டால் வழி காட்டுவார்கள். செல்போன் சார்ஜ் போடுகிறவரா என்று என் பேத்தி கேட்டாள். ஒரு பிரிவின் ஆட்களும் மெஷின்களும் என் பொறுப்பில் இருந்தன, அதனால் சார்ஜ்மேன் என்று விளக்கினேன்.

ஃபவுண்டரியில் இன்னொரு சார்ஜ் உண்டு. க்யூபோலா உலையில் கோக் கரி, வார்ப்பிரும்பு, சுண்ணாம்புக்கல் மூன்றையும் அடுக்கடுக்காக மேலே இருக்கும் கதவு வழியாகக் கொட்டுவார்கள். அப்படி ஒரு தடவை கொட்டும் அளவுக்கு சார்ஜ் என்று பெயர். கொட்டுகிற கதவுக்கு சார்ஜிங் டோர். இங்கேயும் ஏற்றுவதுதான்.

ஒன்று முக்கியமாகச் சொல்ல வேண்டும். 'இன் சார்ஜ் ஆஃப்', 'இன் த சார்ஜ் ஆஃப்' இரண்டும் ஒன்றல்ல. நடுவில் வரும் 'த' பொருளைத் தலைகீழாக மாற்றிவிடும். நர்ஸ் 'இன் சார்ஜ் ஆஃப்' குழந்தை என்றால் நர்ஸ் பார்த்துக்கொள்கிறார். குழந்தை 'இன் த சார்ஜ் ஆஃப்' நர்ஸ் என்றால் குழந்தை அவர் பொறுப்பில் இருக்கிறது. நான் எழுதிய ரிப்போர்ட்டுகளில் இதை என் மேலதிகாரி சிவப்பு மையால் சுழித்துச் சுழித்துக் கற்றுக்கொடுத்தார். பொறுப்பில் இருக்கும் குழந்தையையே 'சார்ஜ்' என்று அழைப்பதும் உண்டு. ஆயா தன் சார்ஜுகளைப் பார்க்குக்கு அழைத்துப் போனாள் என்று பழைய ஆங்கிலக் கதைகளில் வரும். தேர்வில் இதைக் கேட்டால் பிள்ளைகள் திகைப்பார்கள்.

எண்ணூர் அலை எழுதியது:

'த' விஷயம் எனக்கு உண்மையாகவே பயன்படும் ஐயா. நன்றி. ஆனால் சுமை என்ற விளக்கம் ஃபீ, ஃபேர், பிரைஸ், காஸ்ட், சார்ஜ் இவற்றுக்கு நடுவில் இருக்கும் வித்தியாசத்தைச் சொல்லவில்லையே? எல்லாமே பணச் சுமைதான். தேர்வில் எங்களை வீழ்த்துவது இதுதான்.

கொருக்குப்பேட்டை டியூஷன் எழுதியது:

தம்பி சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். இதில் தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. நாம் பேருந்துக் கட்டணம், கல்விக் கட்டணம், மின் கட்டணம், சேவைக் கட்டணம், சுங்கக் கட்டணம் என்று எல்லாவற்றையும் ஒரே 'கட்டணம்' ஆக்கிவிட்டோம். ஆங்கிலத்தில் முறையே ஃபேர், ஃபீ, சார்ஜ், மறுபடி சார்ஜ், டோல். பேச்சில் இன்னும் ஒரு படி மேலே போய் 'பஸ் சார்ஜ் ஏத்திட்டாங்க' என்கிறோம். அதை அப்படியே எழுதினால் மதிப்பெண் போய்விடுகிறது.

நான் நடத்தும் முறை இது. ஆள் பயணம் செய்தால் ஃபேர். பஸ், ரயில், ஆட்டோ எதுவானாலும் சரி. டாக்டர், வக்கீல், பள்ளிக்கூடம், தேர்வு விண்ணப்பம் என்றால் ஃபீ. கையில் எடுத்துக்கொண்டு போகும் பொருளுக்கு பிரைஸ். வஞ்சிரம் கிலோ என்ன விலை என்று காசிமேட்டில் கேட்டால் அது பிரைஸ். ஒன்றைச் செய்து முடிக்க நமக்கு ஆகும் செலவு காஸ்ட். அந்த வஞ்சிரத்தைக் கொண்டுவர போட்டுக்காரர் டீசலுக்கும் ஐஸுக்கும் செலவழித்தது அவருடைய காஸ்ட். மீனை வெட்டிச் சுத்தம் செய்து கொடுக்கிற அக்கா தனியாக வாங்குவது சார்ஜ். ஒரே மீன், மூன்று சொல். இதைச் சொன்னபோது வகுப்பில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

மணலி ட்ரெய்லர் எழுதியது:

எங்கள் யார்டிலும் அப்படித்தான். கண்டெய்னரைக் கப்பலில் கொண்டுவந்ததற்கு 'ஃப்ரெய்ட்'. சரக்குக்கு ஃப்ரெய்ட், ஆளுக்கு ஃபேர். துறைமுகத்தில் தூக்கி வைத்ததற்கு 'டெர்மினல் ஹேண்ட்லிங் சார்ஜ்'. குறித்த நாளுக்குள் எடுக்காமல் விட்டால் டெமரேஜ், காலி கண்டெய்னரைத் திருப்பித் தராமல் வைத்திருந்தால் டிடென்ஷன். முதல் பில்லுக்கு மேல் பிறகு வந்து ஒட்டிக்கொள்ளும் தொகை எல்லாவற்றுக்கும் பின்னால் சார்ஜ் என்ற சொல் வந்துவிடுகிறது. அடிப்படை விலைக்கு மேல் ஏறும் கூடுதல் சுமை என்று நான் புரிந்துகொள்கிறேன். சர்சார்ஜ் என்பது அதற்கும் மேல் ஏறுவது.

பாரிமுனை வக்கீல் எழுதியது:

குற்றம் என்ற பொருளுக்கு நான் எழுதுகிறேன். பத்திரிகை படிக்கிறவர்களும் இங்கே குழம்புகிறார்கள்.

'அக்யூஸ்' யார் வேண்டுமானாலும் செய்யலாம். பக்கத்து வீட்டுக்காரர் குழாயடியில் நின்று என் குடத்தைத் திருடினாய் என்று சொன்னால் அது அக்யூஸ். 'சார்ஜ்' அதிகாரம் உள்ளவர் முறைப்படி செய்வது. நம் நாட்டில் இதில் இரண்டு கட்டம் உண்டு. போலீஸ் விசாரணையை முடித்து நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் இறுதி அறிக்கையைத்தான் சார்ஜ் ஷீட், குற்றப்பத்திரிகை என்கிறோம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 173. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் பிரிவு 193. அதைப் படித்துப் பார்த்து, இன்ன குற்றத்துக்கு இவர் விசாரணையைச் சந்திக்க வேண்டும் என்று நீதிபதி பதிவு செய்வதுதான் உண்மையான சார்ஜ். 'சார்ஜ் ஃப்ரேம் பண்ணியாச்சு' என்று கோர்ட்டில் சொல்வது அதை. ஆகவே குற்றப்பத்திரிகை தாக்கல் ஆனதாலேயே நீதிமன்றம் குற்றம் சுமத்திவிட்டது என்று நினைக்கக் கூடாது. நம் பகுதியில் ஒரு பையன் பெயர் எஃப்ஐஆரில் வந்தாலே அவனைக் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வேலைக்கு எடுக்க மறுக்கிறார்கள். இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகள் பதினேழு வயதிலேயே தெரிந்துகொள்வது நல்லது. இது ஆங்கிலப் பாடத்துக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல.

டிஸ்சார்ஜ் இங்கேயும் உண்டு. விசாரணை நடத்தப் போதுமான அடிப்படை இல்லை என்று தொடக்கத்திலேயே விடுவித்தால் டிஸ்சார்ஜ். முழு விசாரணை நடந்து குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பானால் 'அக்விட்டல்'. தமிழில் முன்னதை விடுவிப்பு என்றும் பின்னதை விடுதலை என்றும் எழுதுகிறோம்.

மொழி விஷயத்தில் ஒரு குறிப்பு. அக்யூஸ் பின்னால் 'ஆஃப்' வரும். சார்ஜ் பின்னால் 'வித்' வரும். பிளேம் பின்னால் 'ஃபார்'. இந்த மூன்றையும் மாற்றிப் போட்டுத்தான் தேர்வில் பிழை கண்டுபிடிக்கச் சொல்வார்கள்.

ஸ்டான்லி வார்டு எழுதியது:

நான் நர்ஸ். எங்கள் வார்டில் ஒரே நாளில் இந்தச் சொல்லை எல்லாப் பொருளிலும் கேட்கலாம். காலையில் டியூட்டி மாறும்போது சார்ஜ் ஒப்படைப்போம். பெட்டுகள், மருந்துகள், யாருக்கு என்ன ஊசி பாக்கி, எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இதய அதிர்ச்சி கொடுக்கும் மெஷினை இயக்கும்போது 'சார்ஜிங்' என்று உரக்கச் சொல்ல வேண்டும், சுற்றி நிற்பவர்கள் விலகுவதற்காக. வெளியூரிலிருந்து வந்த அம்மாக்கள் பெட்டுக்கு என்ன சார்ஜ் என்று பயந்து கேட்பார்கள். அரசு மருத்துவமனை, காசு இல்லை என்று சொன்னதும் முகமே மாறிவிடும். கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று வயதானவர்கள் இன்றும் சொல்லும் இடம் இது. புண்ணிலிருந்து சீழோ நீரோ வடிந்தால் கேஸ் ஷீட்டில் அதற்கும் 'டிஸ்சார்ஜ்' என்றுதான் எழுதுவோம். அப்படி எழுதியதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று சொந்தக்காரர்கள் பையைக் கட்டத் தொடங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் டீச்சர், இந்தப் பொருளையும் கட்டாயம் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.

வியாசை ஸ்ட்ரைக்கர் எழுதியது:

தாக்குதல் என்ற பொருளுக்கு என் பங்கு. வியாசர்பாடியில் சின்னப் பசங்களுக்கு ஃபுட்பால் கோச்சிங் கொடுக்கிறேன். ஃபுட்பால் விதியில் 'சார்ஜ்' என்றால், கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, தோளால் எதிராளியை மோதிப் பந்துக்குப் போட்டி போடுவது. முறையாகச் செய்தால் ஃபவுல் கிடையாது. கவனக்குறைவாகவோ முரட்டுத்தனமாகவோ செய்தால்தான் ஃபவுல். 'அட்டாக்' என்றால் எங்களுக்கு வேறு. கோல் போட முன்னேறுவது. ஆகவே மைதானத்தில் சார்ஜும் அட்டாக்கும் ஒன்றல்ல. தோள் மோதலில் நியாயமானது உண்டு என்பதைப் பசங்களுக்குப் புரியவைக்கவே ஒரு சீசன் போய்விடும். இந்தச் சொல்லில் நேராக வேகமாகப் பாய்வது என்ற அர்த்தம் கட்டாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். முட்ட வரும் மாடு, துரத்தும் யானை, இரண்டுக்கும் சார்ஜ் என்பார்கள். பதுங்கித் தாக்கும் சிறுத்தைக்கு அட்டாக்தான் சரியாக வரும்.

கொருக்குப்பேட்டை டியூஷன் எழுதியது:

அருமை தம்பி. லத்தி சார்ஜ் என்பதும் அதனால்தானே? வரிசையாக நின்று ஒரே நேரத்தில் பாய்வது. தமிழில் தடியடி என்று சொல்லும்போது அடி மட்டும் இருக்கிறது, பாய்ச்சல் இல்லை.

மாதவரம் திருகோணமலை எழுதியது:

நான் இலங்கையில் பள்ளிக்கூடம் முடித்து இங்கே வந்தவன். என் மகன் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் 'மின்னூட்டம்' என்று படிக்கிறான். நாங்கள் அங்கே 'மின்னேற்றம்' என்று படித்தோம். நேர் ஏற்றம், மறை ஏற்றம். இந்த இழையைப் படித்த பிறகு எனக்கு ஏற்றம் என்ற சொல்லின் மேல் மதிப்பு கூடிவிட்டது. மூலச் சொல்லின் பொருளை அப்படியே பிடித்திருக்கிறது.

ராயபுரம் சொல்வேர் எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னதைப் படித்து எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பேச்சுத் தமிழும் உங்கள் பக்கம்தான் நிற்கிறது. செல்போனைப் பற்றி நாம் எப்படிப் பேசுகிறோம்? 'சார்ஜ் ஏறுது', 'சார்ஜ் ஏறவே மாட்டேங்குது', 'சார்ஜ் இறங்கிடுச்சு'. ஏறுவதும் இறங்குவதும் பாரத்துக்கு உரிய வினைகள். லத்தீன் வண்டியைப் பற்றித் தெரியாமலேயே நம் மக்கள் அந்தச் சொல்லுக்குப் பொருத்தமான தமிழ் வினையைப் போட்டிருக்கிறார்கள். மளிகைக் கடையில் 'கணக்குல ஏத்திக்கோங்க அண்ணாச்சி' என்கிறோமே, ஆங்கிலத்தில் அது 'சார்ஜ் இட் டு மை அக்கவுண்ட்'. வார்த்தைக்கு வார்த்தை அதேதான்.

குற்றத்துக்கு வாருங்கள். குற்றம் சுமத்துதல், பழி சுமத்துதல். சுமை என்ற சொல் அப்பட்டமாகவே அதில் இருக்கிறது.

பொறுப்பு? 'பொறு' என்றால் தாங்குவது. 'பொறை' என்றால் பாரம். குறளில் பொறையுடைமை என்று 16-ஆம் அதிகாரம் இருக்கிறதே, பிறர் செய்யும் பிழையைத் தாங்கிக்கொள்ளும் குணம், அந்தப் பொறைதான். பொறுப்பு என்பது தோளில் தாங்குவது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனைத் திறந்தால் பொறுப்புக்குப் பாரம் என்ற பொருளும் கிடைக்கும்.

டீச்சர், நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கு இதுதான் என் பதில். ஐந்து பொருளும் ஒட்டே இல்லாதவை போல் தோன்றுவது ஆங்கிலம் வழியாக மட்டும் பார்ப்பதால். தமிழ் வழியாகப் பார்த்தால் ஏற்று, சுமத்து, பொறு என்று எல்லாம் ஒரே தோளில் வந்து நிற்கின்றன. தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் தமிழ் ஒரு பலம். அதை அவர்களிடம் சொல்லுங்கள். தமிழை மறந்துவிட்டு ஆங்கிலத்தில் யோசி என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அது தவறான அறிவுரை.

எண்ணூர் அலை எழுதியது:

அண்ணா, பொறுப்பேற்றல் என்பதிலும் 'ஏற்று' வருகிறதே, அதுவும் இதேதானா?

ராயபுரம் சொல்வேர் எழுதியது:

நல்ல கேள்வி. பார்வைக்கு ஒன்று போல இருந்தாலும் வேர் வேறு. பொறுப்பேற்றலில் இருப்பது 'ஏல்', அதாவது ஒப்புக்கொள்வது, வாங்கிக்கொள்வது. 'ஏலாதவன்' என்கிறோமே, அந்த ஏல். சுமை ஏற்றுதலில் இருப்பது 'ஏறு'. ஒருவர் ஏற்றுகிறார், இன்னொருவர் ஏற்கிறார். சார்ஜ் கொடுப்பவர் முதலாமவர், சார்ஜ் எடுப்பவர் இரண்டாமவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஃபீ பற்றியும் ஒரு வரி. பழைய ஆங்கிலத்தில் 'ஃபெயோ' என்றால் கால்நடை, சொத்து. ஃபீ அதோடு உறவுள்ளது என்பது பல சொல்லாராய்ச்சியாளர்களின் கருத்து. நம் பழந்தமிழிலும் மாடு என்றால் செல்வம். இது கேள்விக்குத் தொடர்பில்லாதது, ஆசையால் எழுதினேன்.

எண்ணூர் அலை எழுதியது:

சரி, ஏற்றம் என்ற விளக்கம் மனதில் நிற்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் தேர்வு அறையில் எனக்கு வேகமாக அடையாளம் காட்டுவது வக்கீல் சார் சொன்ன அந்தப் பின்னால் வரும் சின்னச் சொல்தான். மற்ற பொருள்களுக்கும் அப்படி இருக்கிறதா?

பெரம்பூர் ஓய்வூதியர் எழுதியது:

இருக்கிறது தம்பி. குறித்துக்கொள். 'சார்ஜ்' பின்னால் 'வித்' வந்தால் குற்றம், அல்லது ஒருவரிடம் கடமையை ஒப்படைத்தல். 'ஃபார்' வந்தால் காசு. 'அட்' வந்தால் பாய்தல். 'டு' வந்து கூடவே அக்கவுண்ட் மாதிரி ஒன்று வந்தால் கணக்கில் ஏற்றுதல். 'இன்' முன்னாலும் 'ஆஃப்' பின்னாலும் வந்தால் பொறுப்பு. 'ஃப்ரீ ஆஃப் சார்ஜ்' இலவசம்.

'வித்' மட்டும் கவனம். ஒரு காரியத்தை முடிக்கும் பொறுப்பை ஒருவரிடம் கொடுத்தாலும் 'சார்ஜ்டு வித்' வரும், கொலைக் குற்றம் என்றாலும் 'சார்ஜ்டு வித்' வரும். அந்த இடத்தில் பின்னால் இருப்பது வேலையா குற்றமா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒத்த சொல் கேட்டால் முதலாவதற்கு 'என்ட்ரஸ்ட்', இரண்டாவதற்கு 'இண்டைட்'.

பாரிமுனை வக்கீல் எழுதியது:

இன்னொரு சார்ஜ் விட்டுப்போனது. சொத்தின் மேல் இருக்கும் சார்ஜ். 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 100-ல் வரும். கடனுக்கு ஒரு சொத்து ஈடாக இருக்கும், ஆனால் அடமானம் ஆகாது. பேங்க் தேர்வு எழுதுகிறவர்கள் வேலைக்குப் போனதும் தினமும் கேட்கப்போகும் சொல். வில்லங்கச் சான்றிதழில் தேடுவது இந்த மாதிரி ஏறி நிற்கும் பாரங்களைத்தான்.

கொருக்குப்பேட்டை டியூஷன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்று மாலை இதை நடத்திப் பார்த்தேன். கைடை மூடி வைக்கச் சொன்னேன். போர்டில் ஒரு ட்ரெய்லர் லாரி வரைந்து, அதன் மேல் என்னவெல்லாம் ஏற்றலாம் என்று கேட்டேன். சரக்கு, காசு, கரண்ட், குற்றம், வேலை என்று அவர்களாகவே சொல்லத் தொடங்கினார்கள். 'பழி' என்று ஒரு பெண் சொன்னாள். அது எனக்கே தோன்றாதது. பிறகு ஒவ்வொன்றுக்கும் கீழே அதற்கு உரிய ஒத்த சொல்லை மட்டும் எழுதினோம். ஒன்றின் கீழ் இருப்பதை இன்னொன்றின் கீழ் மாற்ற முடியுமா என்று கேட்டேன். முடியாது என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

பாய்தல் மட்டும் லாரியில் ஏறவில்லை. அதை சொல்வேர் அண்ணா சொன்னபடி பீரங்கி வழியாகச் சொன்னேன். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் நம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு போட்ட கதை எல்லோர் வீட்டிலும் தாத்தா பாட்டி சொல்லியிருக்கிறார்கள். அதில் நிரப்பிய மருந்து சார்ஜ் என்றதும் பிடித்துக்கொண்டார்கள்.

பெரம்பூர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். ஒரு பிள்ளை எழுதிய வாக்கியம் இது: 'தி கீஸ் ஆர் இன் சார்ஜ் ஆஃப் தி வாட்ச்மேன்'. தவறு என்று தெரிகிறது. 'த' சேர்த்தால் மட்டும் போதுமா, வாக்கியத்தையே மாற்ற வேண்டுமா?

பெரம்பூர் ஓய்வூதியர் எழுதியது:

'த' சேர்த்தால் போதும் அம்மா. 'இன் த சார்ஜ் ஆஃப் தி வாட்ச்மேன்' என்றால் சாவிகள் வாட்ச்மேன் பொறுப்பில் இருக்கின்றன, சரியான வாக்கியம். 'த' இல்லாமல் விட்டால் சாவிகள் வாட்ச்மேனை மேய்க்கின்றன என்றாகிவிடும். 'த' போட விருப்பம் இல்லை என்றால் வாட்ச்மேனை முன்னால் கொண்டுவந்து, அவர் 'இன் சார்ஜ் ஆஃப்' சாவிகள் என்று எழுதலாம். பேச்சில் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்கள். பிள்ளையை இரண்டு விதமாகவும் எழுதச் சொல்லுங்கள்.